லிங்கநகர்ச் செத்தவீட்டில் விசிறியின் வேகம்

தண்ணீரால் குளிரவைக்கும் கணினிகளைப் பாகம் பாகமாகப் பூட்டப் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, விசிறியைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் திருகாணியை எந்த ஒழுங்கில் இறுக்குவது என்பது பெட்டிக்குள் வரும் தாளில் இருக்கிறது. அந்தத் தாளைப் பெட்டியோடு சேர்த்து எறிந்துவிடுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். துறைமுகத்தடியில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் தலை நரைக்கும்வரை இருந்தவன் நான். ஒரு வயரைக் கழற்றுவதற்குக்கூட நடைமுறை எழுதிவைத்தவன். அந்த நடைமுறைகளில் பெரும்பாலானவை சரியானவை. யாரும் வாசிக்கவில்லை என்பது அவற்றின் குற்றமல்ல.

முதலில் விசிறி வாங்குவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விசிறியைக் கண்ணால் வாங்குகிறீர்கள். கடைக் கண்ணாடிக்குள் நிறம் மாறி மாறிச் சுற்றினால் போதும், கை சட்டைப் பைக்குள் போய்விடுகிறது. எவ்வளவு காற்றை அள்ளும் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது வெட்டவெளியில் அள்ளும் காற்று. உங்கள் விசிறி வெட்டவெளியில் நிற்கப்போவதில்லை. தண்ணீரின் சூட்டை வெளியே விடும் ரேடியேற்றரின் முன்னால், மயிர் நுழையாத தகட்டு இடுக்குகளின் முன்னால் நிற்கப்போகிறது. அங்கே வேண்டியது தள்ளும் பலம். இதழ்கள் அகன்று, இடைவெளி குறைந்த விசிறி தள்ளும். மற்றது தகட்டில் முட்டித் திரும்பி, தன் காற்றைத் தானே குடித்துக்கொண்டு சுற்றும். வெளிச்சம் மட்டும் குறையாது.

எங்கள் ஊருக்கு உப்பும் உண்டு. நடு அச்சு நன்றாக மூடியிருக்காத மலிவு விசிறி என்றால், கடற்காற்று அதற்குள் போய்க் குந்திக்கொள்ளும். பிறகு வேகம் கூடும்போதெல்லாம் மெல்லிய விசில் ஒன்று வரும். காது பழகிவிட்டால் கேட்காது. பழகாத காதுக்கு அது எதுவாகவும் கேட்கலாம். நான் சொல்லவந்தது அதைத்தான்.

நஸீரை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கிண்ணியாக்காரர். கலியாணவீடோ செத்தவீடோ, மூன்று கமராக்களை நிறுத்தி, வெளிநாட்டிலிருக்கும் சொந்தங்களுக்கு அந்த நேரத்திலேயே காட்டுவது அவருடைய தொழில். மூன்று படங்களையும் கலந்து அனுப்புவதற்குப் பெரிய கணினி ஒன்றை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். தண்ணீர்க் குளிரூட்டி, வெளிச்ச விசிறிகள், எல்லாம் இருக்கும். "ஒரு கைபேசி போதாதோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சேர், கனடாவுல இரிக்கிறவங்க அழுறதுக்கும் படம் கிளியரா வேணும் எண்டு கேக்கிறாங்க. நான் என்னத்தச் செய்ற?" என்றார்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ரீச்சர் இருந்தா. ஊர் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவ. எனக்கும் அவவுக்கும் நடுவில் ஒரு மதில்தான். நெடுநாளாக முட்டு வருத்தம். மூச்சு மேலே ஏறும்போது ஒரு விசில், கொஞ்சம் நிற்கும், பிறகு களைத்து இறங்கும். என் படுக்கை ஜன்னலுக்கு அது நன்றாகக் கேட்கும். சில நாட்களில் அந்தச் சத்தத்தின் மேல் ஏறித்தான் எனக்கு நித்திரை வரும்.

கச்சான் காற்று அடித்த ஒரு நாளில் ரீச்சர் போய்விட்டா. மகள் வதனி பக்கத்தில் இருந்தாள். மகன் சுதன் கனடாவில். அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வெளியே காலை வைத்தால் திரும்பிப் போக ஏலாது. மனைவியும் கைக்குழந்தையும் அங்கே. வரமுடியாது என்று அவன் சொன்னபோது யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. கொள்ளி வைப்பதற்கு அவனுடைய சித்தப்பாவின் மகன் நின்றான். ஆனால் வதனி ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லியிருந்தாள்: "அண்ணா பாத்து முடிச்சு, அவர் சொன்னாப் பிறகுதான் அம்மாவைத் தூக்குறது."

அதனால் நஸீர் வந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் நான் முற்றத்தில் தறப்பாளின் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். கச்சான் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தரைப்பக்கத்திலிருந்து வரும் அந்த உலர்ந்த சூடு மனிதரைப் பேசவிடாது. தறப்பாள் ஊதுவதும் தணிவதுமாக இருந்தது. அதன் நீலம் எல்லாருடைய முகத்திலும் விழுந்ததால், கடலுக்கு அடியில் இருக்கிறோம் போலத் தோன்றியது. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. யாரோ கொண்டுவந்து தந்த பிளேன்ரீ கையில் ஆறாமல் இருந்தது. உள்ளே குருக்களின் குரல் கிட்ட வந்தும் எட்டப் போயும் கேட்டது. எனக்குக் கண் சொருகியது.

அப்போது ரீச்சரின் மூச்சுக் கேட்டது.

விசிலோடு ஏறியது. கொஞ்சம் நின்றது. களைத்து இறங்கியது. பாவம், இண்டைக்கும் முட்டு வந்திட்டுது போல, என்று நினைத்தேன். எவ்வளவு சாதாரணமாக நினைத்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் புதினமாக இருக்கிறது. நினைத்து முடிந்த பிறகுதான் நான் எதற்காக அங்கே இருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

கதிரையை விட்டு எழும்புவதற்குள் உள்ளே இருந்து ஒரு சத்தம். நஸீர் வைத்திருந்த சின்ன ஒலிபெருக்கியில் சுதனின் குரல்.

"வதனி! அம்மா மூச்சு விடுறா! உனக்குக் கேக்கேல்லையே? எல்லாரும் விலகுங்கோ, அம்மா மூச்சு விடுறா!"

கூடத்துக்குள் போனேன். தலைமாட்டு விளக்கு அணைந்துவிடக் கூடாது என்று கூரை விசிறியை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே அவ்வளவு வெக்கை. குருக்களின் கை அந்தரத்தில் நின்றது. தூக்குவதற்கு வந்த ஆண்கள் வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரீச்சரின் மேல் போர்த்திருந்த வெள்ளைச் சீலையின் ஓரம், தோளடியில், மெல்ல எழும்பி விழுந்தது. அதை நானும் கண்டேன்.

"நான் கண்டனான்," என்றா ரீச்சரின் மச்சாள் பூமணியக்கா, சுவரோடு சாய்ந்தபடி. "ரெண்டு தரம் சீலை எழும்பினது. பொய் சொல்லேல்ல."

ஒழுங்கையில் இருக்கும் தாதி ஒருவர் குனிந்து கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து வதனியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இல்லைப் பிள்ளை. டொக்டரும் நேற்றே பாத்துச் சொல்லிட்டார்தானே."

"நேற்றுப் பாத்தவர்!" என்றான் சுதன். "நேற்றுப் பாத்ததை வைச்சு இண்டைக்குத் தூக்கப் போறியளோ? அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நான் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில படுத்து வளந்தனான். என்ரை அம்மாவை உயிரோட கொண்டுபோய் எரிக்கப் போறியளோ?"

அதைக் கேட்டதும் கூடத்தில் அழுகை பொங்கியது. அந்தச் சொல்லைச் சொன்னவன் தன் ஆயுள் முழுக்க அதைச் சுமக்கப்போகிறான் என்று எனக்குத் தோன்றியது. இப்படியே தூக்கினால், அம்மாவின் மூச்சு நிற்கும் முன்பு நெருப்பு வைத்துவிட்டார்கள் என்று அவன் மனதின் ஒரு மூலை சாகும்வரை நம்பும்.

தலைமாட்டில் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் போனேன். நஸீர் கணினிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

"சேர், அல்லாஹ்வே, இது மெஷின் சேர். எண்ட ஃபேன்."

பார்த்ததும் விளங்கியது. கலியாணவீட்டில் விசிறி உறுமினால் மேளத்துக்குள் போய்விடும். செத்தவீட்டில் உறுமக் கூடாது என்று நஸீர் செத்தவீட்டுக்கென்றே தனியாக ஓர் ஒழுங்கு செய்துவைத்திருந்தார். புரொசெசர் ஓர் அளவுக்கு மேல் சுடும்வரை விசிறிகள் அசையாமல் நிற்கும். அந்த அளவைத் தாண்டினால் வேகமாகச் சுற்றும். இறங்கியதும் மறுபடி நின்றுவிடும். மரியாதைக்காகச் செய்தது. மௌனத்தைக் காப்பாற்ற நினைத்த மனிதர், மௌனத்துக்கு நடுவில் ஒரு பெருமூச்சைக் கட்டிவைத்துவிட்டார்.

வயர் எட்டாததால் கணினி தலைமாட்டில். குருக்களின் குரல் தெளிவாக வேண்டும் என்று மைக்கும் தலைமாட்டில். விசிறி தள்ளிய காற்று திரைக்கு அடியால் போய்ச் சீலையின் ஓரத்தைத் தூக்கியது. உப்புத் தின்ற அச்சு விசிலடித்தது. படம் ஒரு கமராவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் புரொசெசர் ஒரு நொடி துடிக்கும், விசிறி அதற்குப் பயந்து ஓடும், நிற்கும்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் பாடத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. விசிறி யாருடைய சொல்லைக் கேட்க வேண்டும் என்று அந்த மென்பொருள் உங்களிடம் கேட்கும். நீங்கள் எல்லாரும் புரொசெசர் என்று போடுகிறீர்கள். புரொசெசர் பதகளிப்புக்காரன். ஒரு ஜன்னலைத் திறந்தாலும் சூடாகும், அடுத்த கணம் மறந்துவிடும். தண்ணீர் அப்படியல்ல. அது சூட்டை மெல்ல வாங்கி, மெல்ல விடும். விசிறி ஆற்றுவது தண்ணீரைத்தான், ஆகவே அது தண்ணீரின் சொல்லைக் கேட்டால் போதும். அப்போது அது ஓடவும் மாட்டாது, நிற்கவும் மாட்டாது. யாரும் கவனிக்காத ஒரு தாழ்ந்த சத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே அளவில் ஓடும் சத்தத்தைக் காது மன்னித்துவிடும். விட்டு விட்டு வரும் சத்தத்தை மன்னிக்காது.

கணினித் திரையில் தண்ணீரின் சூட்டைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த வெக்கையில், தள்ளத் தெரியாத விசிறிகளோடு, அது ஏறிக்கொண்டே போனால் குளிரூட்டியின் பம்ப் தாங்காது. கணினி தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். சுதனுடைய திரை அந்த நேரத்தில் கறுத்தால் அவன் என்ன நினைப்பான் என்று யோசியுங்கள்.

"மைக்க மூடிருவமா சேர்?" என்றார் நஸீர்.

"மூடாதேங்கோ."

"அப்ப ஃபேன முழு வேகத்துல விடவா?"

"ஒண்டையும் தொடாதேங்கோ நஸீர்."

மைக்கை மூடினால் மூச்சு நின்றுவிட்டது என்று ஆகும். நாங்கள் மறைக்கிறோம் என்றும் ஆகும். முழு வேகத்தில் விட்டால் அந்த விசில் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டே போகும். அதை அவன் அம்மாவின் கடைசி இழுவையாகத்தான் கேட்பான். நான் எழுதிய நடைமுறைகளில் இரண்டுக்கும் இடம் இருந்தது. கேட்பவன் யார் என்பதற்குத்தான் இடம் இல்லை.

வதனி துணித்திரையை விலக்கி உள்ளே வந்தாள். கன்னமெல்லாம் ஈரம். கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. ரீச்சரின் மகள்.

"இதுவோ சேர்?"

"ஓம் பிள்ளை."

"நீங்களே அண்ணாக்குச் சொல்லுங்கோ. நான் வாய் திறந்தால் அழுதிடுவன்."

மைக்குக்குக் கிட்டப் போய்க் குந்தினேன். ரீச்சரின் நெற்றியில் விபூதி காய்ந்து உதிர்ந்திருந்தது. இவ்வளவு கிட்ட நான் அவவை ஒருநாளும் பார்த்ததில்லை.

"சுதன், நான் பக்கத்து வீட்டு சேர் கதைக்கிறன்."

"சேர், நீங்களாவது சொல்லுங்கோ. உங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும்தானே?"

"தெரியும். நானும் கேட்டனான். நானும் அம்மா எண்டுதான் நினைச்சனான்."

அந்தப் பக்கம் அவன் அழுகையை அடக்கும் சத்தம்.

"ஆனா அது அம்மா இல்லைத் தம்பி. நஸீரின்ரை கணினியில இருக்கிற விசிறி. என்ரை சொல்லை நம்ப வேண்டாம். நான் அதைக் கையால கூட்டிக் குறைக்கிறன். நான் சொன்னாப் பிறகுதான் அது ஏறும். கேளுங்கோ."

நஸீரிடம் கை நீட்டினேன். அவர் கணினியின் எலியை என் கையில் தந்தார். விசிறியின் வேகத்தைக் கையால் மாற்றும் இடத்துக்குப் போனேன்.

"இப்ப கூட்டுறன்."

விசில் எழும்பியது. சீலையின் ஓரம் எழும்பியது. கூடத்தில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"இப்ப குறைக்கிறன்."

இறங்கியது. பூமணியக்கா சுவரை விட்டு மெல்லக் கீழே குந்தினா. "என்ரை பிள்ளையாரே," என்று மட்டும் சொன்னா.

இன்னொருமுறை செய்தேன். மூன்றாம் முறை தேவைப்படவில்லை. நஸீர் தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. விடியாத ஏதோ ஒரு நகரத்தில், ஓர் அறையில், அவன் திரைக்கு முன்னால் இருந்தான்.

"விளங்குது சேர்," என்றான் கடைசியில். குரல் சின்னதாகிவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ எல்லாரும்."

"மன்னிக்க ஒண்டும் இல்லை. நான் இதை ஒரே வேகத்தில விட்டுவிடுறன். பிறகு அந்தச் சத்தம் வராது. குருக்கள் மிச்சத்தைச் செய்யட்டும்."

"சேர்."

"சொல்லுங்கோ."

"ஒரே வேகத்தில விடாதேங்கோ. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே செய்வியளோ? அது மெஷின் எண்டு எனக்குத் தெரியும் சேர். தெரியும். நான் கனடாவுக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு அம்மா நித்திரை. எழுப்பினால் விடமாட்டா எண்டு எழுப்பாமல் வந்தனான். வாசல்ல நிண்டு அந்தச் சத்தத்தைத்தான் கேட்டிட்டு வந்தனான்."

குருக்கள் என்னைப் பார்த்தார். நேரம் போகிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

ஓர் இறந்த பெண்ணின் தலைமாட்டில் இருந்துகொண்டு அவவின் மூச்சை விசிறியால் செய்வது சரியா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். விடை கிடைத்தவர்கள் எழுதி அனுப்புங்கள், நடைமுறைக் கோவையில் சேர்க்கலாம். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது: கணினி தாங்கும். விசிறி ஏறி இறங்குவது தண்ணீருக்கு ஒரு பொருட்டல்ல. மொத்தத்தில் போதிய காற்றுப் போனால் சரி. இதுவரை நின்று நின்று ஓடியதைவிட என் கையால் கூடுதலாகவே போகும். நஸீரிடம் தண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன்.

எலியை மெல்ல நகர்த்தினேன். ஏற்றினேன். கொஞ்சம் நிறுத்தினேன். இறக்கினேன்.

முதலில் பிழைத்தது. ரீச்சர் இவ்வளவு அவசரப்பட மாட்டா. என் ஜன்னலை நினைத்துக்கொண்டேன். அந்த ஜன்னலுக்கு வெளியே மதில், மதிலுக்கு அப்பால் இருட்டு, இருட்டுக்குள் ஒரு பெண் தன் காற்றைத் தேடித் தேடி எடுக்கிறாள். அந்த அளவுக்குக் கை வந்தது. நல்ல நாளில் வரும் மூச்சு. மருந்து குடித்து, தலையணையை உயர்த்தி வைத்து, நித்திரை பிடித்த பிறகு வரும் மூச்சு. சீலையின் ஓரம் அதோடு சேர்ந்து எழும்பி விழுந்தது. வெளியே தறப்பாளும் ஊதித் தணிந்தது. வாசலில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராக நிலத்தில் குந்தினார்கள். வதனி அம்மாவின் காலடியில் போய் இருந்து, பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அவ்வளவு பேர் இருந்த வீடு முழுக்க ஒரே நித்திரைக்குள் போய்விட்டது போல இருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

"நாப்பத்தாறு சேர்," என்று நஸீர் காதுக்குள் சொன்னார். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அவர் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

சுதன் ஒருமுறை மட்டும், மிக மெல்ல, "நான் போயிட்டு வாறன் அம்மா," என்றான். எங்களுக்குச் சொன்னதல்ல.

பிறகு, "போதும் சேர்," என்றான்.

"நிப்பாட்டவோ?"

"ஓம். மெல்ல."

இறக்கினேன். விசில் தாழ்ந்து, வெறும் காற்றாகி, அதுவும் தாழ்ந்தது. சீலை படிந்தது. விசிறிகளை முழுவதுமாக நிறுத்தினேன். அவ்வளவு ஆறிய தண்ணீர், அவர்கள் ரீச்சரைத் தூக்கிக்கொண்டு வாசற்படலையைத் தாண்டும்வரை தாங்கும்.

"வதனி," என்றான் சுதன். "தூக்கச் சொல்லு."

ஆண்கள் எழும்பி உள்ளே வந்தார்கள். யாரும் கத்தவில்லை. பெண்களின் அழுகைகூடத் தாழ்ந்த குரலில் வந்தது. கமரா அவர்களோடு வாசலுக்குப் போயிற்று, பிறகு முற்றத்துக்கு, பிறகு வெயிலுக்கு. கூடத்தில் நானும் நஸீரும் விளக்கும் மட்டும் இருந்தோம். ஒலிபெருக்கியில் ஒருவன் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

நஸீர் அதன் சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.